மூன்றாவது காகிதம்

ஏழாங்கட்டைத் தோட்டத்துச் சபையில் ஜெபம் பண்ணாமல் எந்தக் காகிதமும் வெளியே போகாது. லைசன்ஸுக்கு நிரப்பிய பாரம், ஆஸ்பத்திரியில் எடுத்த எக்ஸ்ரே, பிள்ளைகளின் பரீட்சைச் சீட்டு, வீட்டு மனைக்கு எழுதிய விண்ணப்பம், எதுவானாலும் சனிக்கிழமை நான்கு மணிக்கு யாராவது ஒருவர் வீட்டு மேசைக்கு வந்து சேரும். சுற்றி நின்று ஆளாளுக்குக் கை நீட்டி ஜெபித்த பிறகுதான் அது தபாலுக்கோ ஆபீசுக்கோ புறப்படும். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிய காரியம் என்றால் திருவுளச் சீட்டு. இரண்டு துண்டுக் காகிதத்தில் எழுதிச் சுருட்டி, ஒரு கிண்ணத்தில் போட்டுக் குலுக்கி, கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுப்பார்கள். எடுத்தது கர்த்தருடைய சித்தம்.

பெவர்லிக்கு இதில் நம்பிக்கை விட்டுப்போய்ப் பல வருடங்கள் ஆகின்றன. ஆனாலும் அந்த வாரம், முப்பத்தொரு வயதில், சீட்டுப் போட்டாவது யாராவது முடிவு சொல்லிவிட்டால் தேவலை என்ற நிலைக்கு அவள் வந்திருந்தாள்.

கோலாலம்பூரில் இரண்டு பல்கலைக்கழகங்கள் அவளுக்குச் சமூகப்பணி முதுகலைப் படிப்பில் இடம் கொடுத்திருந்தன. ஒன்று முழுநேரப் படிப்பு, ஒன்றரை வருடம். வாரத்தில் மூன்று நாள் நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றில், பழுத்த அனுபவமுள்ள ஒருவரின் பக்கத்தில் உட்கார்ந்து களப்பயிற்சி. அதற்கு வேலையை விட வேண்டும், அம்மாவைத் தனியே விட வேண்டும், நகரத்தில் அறை பிடிக்க வேண்டும். தோட்டத்திலோ சபையிலோ அவளை நன்றாக அறிந்த பெரியவர் ஒருவர் தர வேண்டிய இரண்டாவது நற்சான்றுக் கடிதம் மட்டும் இன்னும் போய்ச் சேரவில்லை. மற்றது சனி, ஞாயிறு மட்டும் நடக்கும் படிப்பு, மூன்று வருடம். பக்கத்து ஊரான ரெம்பாவிலிருந்து ரயிலில் போய் வந்துவிடலாம். களப்பயிற்சியைத் தான் வாழும் இடத்திலேயே செய்யலாம். இருபது குடும்பங்கள் சம்மதித்துக் கையெழுத்திட்டால் போதும். வருகிற வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் இரண்டில் ஒன்றுக்குச் சரி என்று சொல்லிவிட வேண்டும்.

"கல்யாணத்துக்கு மாப்பிள்ளை பாக்குறவகூட இவ்ளோ யோசிக்க மாட்டா லா," என்றாள் விமலா. சிரம்பானில் அவர்கள் வேலை செய்யும் சேவை மையத்தில் அடுத்த மேசைக்காரி.

"ரெண்டு மாப்பிள்ளையும் நல்லவனா இருந்தா?"

"அப்ப கிட்ட இருக்கறவனைக் கட்டிக்க. பெட்ரோல் மிச்சம். மாஸ்டர்ஸ் முடிச்சிட்டு வந்தாலும் உனக்கு இதே மேசைதான். நாற்காலிக்கு மட்டும் கை வெச்சுக் குடுப்பாங்க."

பெவர்லி சிரித்தாள். அவள் ஏன் படிக்கப் போகிறாள் என்று விமலாவிடம் சொன்னதில்லை. ஒருவரிடமும் சொன்னதில்லை. ஒரே ஓர் இடத்தில் எழுதியிருந்தாள்.

இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு காலையில், பக்கத்து வீட்டுப் புனிதாவை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு அவள் ரெம்பாவ் கிளினிக்குக்குப் போனாள். புனிதாவின் இடது காதிலிருந்து ரத்தம் வடிந்து தோளில் காய்ந்திருந்தது. எப்படி ஆயிற்று என்று டாக்டர் கேட்டதற்கு, "பாத்ரூம்ல வழுக்கிட்டேன்" என்றாள் புனிதா. டாக்டர் பெவர்லியைப் பார்த்தார். சுவருக்கு இந்தப் பக்கத்திலிருந்து அந்த அடி விழுந்த சத்தத்தைக் கேட்டவள் பெவர்லி. புனிதாவின் கணவன் கீத் அதன்பின் லாரியைக் கிளப்பிக்கொண்டு போனதையும் பார்த்தவள். பேசுவதா, சும்மா இருப்பதா என்று தெரியாமல் நின்றாள். டாக்டர் ஒரு நிமிடம் காத்திருந்துவிட்டுக் குனிந்து எழுத ஆரம்பித்தார்.

அந்த ஒரு நிமிடத்தை அவளால் தாண்டிவர முடியவில்லை. அப்போது என்ன செய்திருக்க வேண்டும்? அதைச் சொல்லித்தர ஓர் இடம் இருக்கிறது, அதற்கென்று ஒரு படிப்பு இருக்கிறது என்று பிற்பாடு தெரிந்துகொண்டபோது, தாகமெடுத்தவளைப்போல் அதன் பின்னால் போனாள். ஏன் இந்தப் படிப்பு என்று ஆங்கிலத்தில் இரண்டு பக்கம் எழுதச் சொன்னார்கள். அந்தக் காலையை எழுதினாள். பெயரைப் போடவில்லை. ஆனால் எண்ணெய்க்கான செம்பனைக் குலை ஏற்றும் லாரி இருந்தது. இடது காது இருந்தது. மூன்று தடவை தாய்வீட்டுக்குப் போய் மூன்று தடவையும் திரும்பி வந்தது இருந்தது. பிள்ளையில்லாதது இருந்தது.

புனிதாவிடம் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றக்கூட இல்லை. பிற்பாடு அவள் திரும்பத் திரும்ப வந்து நின்ற இடம் அதுதான்.

சனிக்கிழமை காலை பெவர்லிக்கு மையத்தில் வேலை. தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டிருந்தபோது அம்மா அகதா வாசலுக்கு வந்தாள்.

"இன்னிக்கு நம்ம வீட்டு முறை. கூட்டத்துல சீட்டுப் போட்டுடலாமா, பெவ்?"

"போடுங்கம்மா. எது விழுதோ விழட்டும்."

"அப்புறம் மாத்திப் பேசக் கூடாது."

"மாத்த மாட்டேன்."

"காகிதம் வேணுமே, மேசையில வைக்க."

"அலமாரி மேல பச்சை ஃபைல். அதுல ரெண்டு லெட்டர் இருக்கு, அதை எடுத்துக்குங்க."

ஃபைலில் மூன்று காகிதங்கள் இருந்தன. அகதாவுக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. எதையாவது விட்டுவிட்டால் ஜெபம் குறைபட்டுப் போகுமே என்று ஃபைலோடு மேசையில் வைத்தாள்.

பெவர்லி திரும்பி வந்தபோது மணி ஆறு. கூட்டம் கலைந்திருந்தது. அம்மா பீங்கான் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

"சனி ஞாயித்துப் படிப்புதான் விழுந்துச்சு. நான் ஒண்ணும் செய்யல, கிண்ணத்தைத் தொடவே இல்ல. சபை மூப்பர்தான் எடுத்தாரு."

"சரிம்மா." பாரம் இறங்கியதுபோலவும் இருந்தது, எதையோ பிடுங்கிக்கொண்டதுபோலவும் இருந்தது.

"நீ எழுதினதைக் கேட்டு எல்லாருக்கும் கண்ணு கலங்கிருச்சு."

பெவர்லி காலுறையைக் கழற்றிக்கொண்டிருந்தாள். கை நின்றது.

"எழுதினதா?"

"அதான், அந்த ரெண்டு பக்கம். எதுக்கு ஜெபம் பண்றோம்னு தெரியாம ஜெபம் பண்ணக் கூடாதுன்னு மூப்பர் வாசிச்சாரு. ஒரு வரி இங்கிலீஷ்ல வாசிப்பாரு, ஒடனே தமிழ்ல சொல்லுவாரு. அழகாச் சொன்னாரு. பாதியிலதான் கொஞ்சம் கொரலை எறக்கி வாசிச்சாரு. ஆனா நிறுத்தல. எடுத்த வாசகத்தைப் பாதியில விடக் கூடாதுல்ல?"

"யாரெல்லாம் இருந்தாங்க?"

"எல்லாருந்தான். ஷெரில் பாதியில எழுந்து போயிட்டா." ஷெரில், கீத்தின் அக்கா. அகதா கோப்பையைக் கவிழ்த்து வைத்தாள். "யாரும் பேர் எதுவும் சொல்லல, பெவ். நீயும் பேர் போடல."

அம்மாவின் முகத்து வெளிச்சம் பயத்தை மூடி வைத்திருந்த வெளிச்சம் என்று அப்போதுதான் பெவர்லிக்குத் தெரிந்தது. அம்மா அடுத்த கோப்பையை எடுத்துக் கழுவ ஆரம்பித்தாள். அப்பா இறந்த பிறகு அந்த வீட்டில் பேச்சைவிட மௌனம்தான் அதிகம் புழங்கியது.

கீத் அடிப்பது லயத்து வரிசை வீடுகளில் எல்லாருக்கும் தெரியும். ஒற்றைச் செங்கல் சுவர்கள். யாருடைய வீட்டுச் சண்டையும் யாருடைய வீட்டுச் சோற்றிலும் விழும். தெரிந்திருப்பதில் குற்றமில்லை. தெரிந்ததைக் காகிதத்தில் எழுதி, மேசைமேல் வைத்து, மூப்பரின் வாயால் வாசிக்க வைத்ததுதான் நடந்திராத காரியம். நாலு பேர் நடுவில் வாசித்துவிட்டால் தெரியாததுபோல் இருக்க முடியாதல்லவா?

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது மூப்பர் டொனால்ட் அவளைக் கூப்பிட்டார். முப்பது வருடம் தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு கையெழுத்துப் போடுவதென்றால் மூன்று தடவை வாசித்துவிட்டுத்தான் போடுவார். முழுநேரப் படிப்புக்கான நற்சான்றுக் கடிதத்தை எழுதித் தருவதாகச் சொல்லியிருந்தவர் அவர்தான்.

கூடத்தின் மூலையில் அவரோடு கீத்தும் ஷெரிலும் இருந்தார்கள். சற்றுத் தள்ளி, ஞானப்பாட்டுப் புத்தகத்தை மார்போடு பிடித்தபடி புனிதா. இஸ்திரி மடிப்பு கலையாத வெள்ளைச் சட்டையில் கீத் சிரித்த முகமாய் நின்றான். பாடகர் குழுவில் அவன் குரல்தான் மற்றவர்களைத் தூக்கிப் பிடிக்கும்.

"ஒண்ணுமில்ல மா," என்றார் டொனால்ட். "நேத்து நான் வாசிச்சது சில பேரைப் புண்படுத்தியிருக்கு. வாசிச்ச நான்தான் கேக்கணும். அது யாரைப் பத்தி எழுதினது?"

பெவர்லி பதில் சொல்வதற்குள் ஷெரில் முந்திக்கொண்டாள். "லாரி யாருது? தோட்டத்துல எத்தனை பேர் குலை லாரி ஓட்டுறாங்க? பிள்ளை இல்லாதவ யாரு? பேரை மட்டும் விட்டுட்டா நாங்க என்ன மாங்கா மடையங்களா?"

"அக்கா, சத்தம் போடாத," என்றான் கீத் மெதுவாக. "பெவர்லி நம்ம வீட்டுப் பிள்ளை மாதிரி. புனிதாவையே கேட்டுருவோம். புனிதா, நீ இவகிட்ட ஏதாச்சும் சொன்னியா?"

புனிதா நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். பிறகு பெவர்லியைப் பார்த்தாள்.

"நான் ஒண்ணும் சொல்லலயே," என்றாள். "எங்க வீட்டுல என்ன இருக்கு சொல்ல? பெவர்லி எதை நெனச்சு எழுதிச்சோ எனக்குத் தெரியாது."

குரலில் ஒரு நடுக்கம் இல்லை. பழகிய வாயில் வருகிற வார்த்தை அது. ஆனால் பாட்டுப் புத்தகத்தைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்திருந்தன.

கூடத்தில் தேக்கரண்டிகளின் சத்தம் நின்றுபோயிருந்தது. அந்தக் கிளினிக்கின் ஒரு நிமிடம் மறுபடியும் வந்து எதிரே நிற்பதைப் பெவர்லி உணர்ந்தாள். உண்மை என்று சொன்னால் இன்றைக்கு அந்த வீட்டுக் கதவு சாத்தப்பட்ட பிறகு என்ன நடக்கும்? பொய் என்று சொன்னால்? இரண்டில் எதைச் சொல்ல வேண்டும் என்று படித்துக்கொள்ளத்தானே போக நினைத்தாள். படிப்பதற்கு முன்பே பரீட்சை வந்துவிட்டது. கொஞ்சம் பொறுங்கள், போய்க் கற்றுக்கொண்டு வந்து சொல்கிறேன் என்று யாரிடம் கேட்க முடியும்?

"கற்பனையா எழுதினேன், அங்கிள்," என்றாள்.

"கற்பனையா?"

"ஆமா. அப்படி எழுதினா படிக்க இடம் கிடைக்கும்னு... எழுதினேன்."

டொனால்ட் கண்ணாடியைக் கழற்றினார். அவர் முகத்தில் கோபம் இல்லை. கணக்குப் புத்தகத்தில் அழித்து எழுதிய இடத்தைக் கண்டுபிடித்த கிராணியின் வருத்தம்தான் இருந்தது.

"நற்சான்றுக் கடிதத்தோட குடுக்கற பாரத்துல ஒரு கேள்வி இருக்கு மா. இவர் நேர்மையானவர்னு உங்களுக்குத் தெரியுமான்னு. அதுல நான் எப்படிக் கையெழுத்துப் போடுவேன்?"

"போட வேணாம் அங்கிள்."

"போகட்டும் விடுங்க," என்றான் கீத். "படிக்கிற ஆர்வம். தெரியாம செஞ்சிருச்சு. எனக்கு மனசுல ஒண்ணும் இல்ல. இப்பவே ஜெபம் பண்ணி முடிச்சிருவோமே."

எல்லாரும் தலை குனிந்தார்கள். கீத் முன்னால் வந்து பெவர்லியின் தலைமேல் கை வைத்தான். நல்ல கனமான கை. டீசல் வாசனையும் பவுடர் வாசனையும் கலந்து வந்தது. "இந்த மகளை மன்னியும் ஆண்டவரே," என்று அவன் அந்த இனிய குரலில் ஜெபித்துக்கொண்டிருந்த அத்தனை நேரமும் அவள் கண்ணைத் திறந்தே வைத்திருந்தாள். சிமெண்டுத் தரையில் புனிதாவின் செருப்புகள் மட்டும் தெரிந்தன.

வீட்டுக்கு வந்து உடுப்பு மாற்றாமல் உட்கார்ந்திருந்த அகதா, வெகுநேரம் கழித்து ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"பொய் எழுதினியா, இல்ல பொய் சொன்னியா?"

பெவர்லி சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சரி," என்றாள் அம்மா. "சொல்ல வேணாம்." எழுந்து போய் அடுப்பைப் பற்றவைத்தாள். அன்றைக்கு அவள் சமைத்ததை இருவருமே சரியாகச் சாப்பிடவில்லை.

முழுநேரப் படிப்பு அதோடு போயிற்று. டொனால்ட் பாரத்தைக் கையெழுத்தில்லாமல் அதே உறையில் போட்டு, மறுநாள் காலை கதவிடுக்கில் செருகிவிட்டுப் போயிருந்தார். அவரிடம் தனியாகப் போய் உண்மையைச் சொன்னால் என்ன என்று பெவர்லி யோசிக்காமலில்லை. ஆனால் அவர் ஒளித்து வைக்கத் தெரியாத மனிதர். கேட்டதைக் கர்த்தரிடம் கொண்டுபோவார். அந்தத் தோட்டத்துக் கர்த்தரோ சனிக்கிழமை நான்கு மணிக்கு எல்லாரையும் கூட்டி வைத்துத்தான் கேட்பார்.

மிச்சமிருந்தது சீட்டில் விழுந்த படிப்பு. செவ்வாய்க்கிழமை விடுப்பு எடுத்துக்கொண்டு, சம்மதப் பாரங்களோடு லயத்தில் இறங்கினாள். கடைசி ரப்பர் பால்மரமும் வெட்டப்பட்டு எங்கும் செம்பனை வந்த பிறகு, பாதி வீடுகளில் வங்காளதேசத்துப் பையன்கள் இருந்தார்கள். தமிழ்க் குடும்பங்கள் முப்பது தேறும். இருபது கையெழுத்து பெரிய காரியம் இல்லை. இந்த வீடுகளுக்கெல்லாம் அடையாள அட்டைக்கான ஐசி பாரமும் உதவித்தொகைப் பாரமும் நிரப்பிக் கொடுத்தவள் அவள்தான்.

முதல் வீட்டில் பஞ்சாலைப் பெரியம்மா வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். மாரியம்மன் கோயில் திருவிழாவானால் முன்னால் நிற்கும் பெண்மணி. சபைக்கும் அவளுக்கும் ஒட்டுறவு கிடையாது. ஆனாலும் செய்திக்கு மதம் இல்லை.

"என்ன பாரம்மா இது?"

"படிப்புக்கு, பெரியம்மா. நான் வாரத்துல ஒரு தடவை வந்து பேசிட்டுப் போவேன். வீட்டு நிலவரம், பிரச்சினை ஏதாச்சும் இருந்தா..."

"எழுதிக்குவியா?"

"பேர் போட மாட்டோம்."

பஞ்சாலை சிரித்தாள். பொல்லாத சிரிப்பு என்று சொல்ல முடியாது. "அதான் சொன்னாங்க, பேர் போடாம எழுதுவன்னு. இல்லாததையும் சேத்து எழுதுவியாமே? எங்க வீட்டுல ஒரு கதையும் இல்ல தாயி. இந்தக் கீரைதான் இருக்கு. வேணும்னா அதை எழுதிட்டுப் போ. முத்தின கீரைன்னு மட்டும் எழுதிடாத."

இரண்டாவது வீட்டில் புருஷன் வரட்டும் என்றார்கள். மூன்றாவது வீட்டில் தொலைக்காட்சி ஓடும் சத்தம் கேட்டது, கதவு திறக்கவில்லை. ஐந்தாவது வீட்டோடு நிறுத்திக்கொண்டாள். ஒருவரும் கடிந்து பேசவில்லை. ஒருத்தி பாலில்லாத தே ஓ தேநீர் போட்டுக்கூடக் கொடுத்தாள். ஆனால் பேனாவை மட்டும் யாரும் தொடவில்லை. உண்மையை எழுதியதற்காகப் பாதிப் பேர் பயந்தார்கள், பொய் எழுதியதற்காக மீதிப் பேர் பயந்தார்கள். அவர்கள் பக்கம் நியாயம் இல்லை என்று அவளால் சொல்ல முடியவில்லை.

புதன்கிழமை மாலை மளிகை வேன் வந்தபோது புனிதா தேங்காய் வாங்க வந்தாள். பெவர்லி வேலை முடிந்து அப்போதுதான் மோட்டாரை நிறுத்தியிருந்தாள். வேன்காரன் அடுத்த லயத்துக்குக் கிளம்பும்வரை இருவரும் வெங்காயத்தைப் பார்ப்பதுபோல் நின்றார்கள்.

"அடிச்சானாக்கா?" என்றாள் பெவர்லி.

"இல்ல." புனிதா தேங்காயைக் காதருகே ஆட்டிப் பார்த்தாள், பழக்கத்தில், வலது காதில். "ரொம்ப சந்தோஷமா இருக்கான். அடிக்கவே வேணாம் இனிமே."

பெவர்லிக்குப் புரியவில்லை.

"எனக்கு ஒரு எண்ணம் இருந்துச்சு. என்னிக்காவது ஒரு நாள் போலிஸ் ஸ்டேஷனுக்குப் போயிருவேன்னு. எப்பன்னு தெரியாது. போறப்ப நீ கூட வருவ, ஆமா நான் பாத்தேன், நான்தான் கிளினிக்குக்குக் கூட்டிட்டுப் போனேன்னு சொல்லுவ. அதை நெனச்சுக்கிட்டே தூங்கிருவேன். இப்ப தெனம் சொல்றான், போ, இப்பவே போ, நானே லாரியில கொண்டாந்து விடறேன், யாரு சாட்சி உனக்கு, சபையில நின்னு பொய் எழுதினேன்னு சொன்னாளே அவளான்னு."

"நீங்கதானேக்கா முதல்ல இல்லன்னு சொன்னீங்க. நான் உங்களுக்காகத்தான்..."

"தெரியும். வேற என்ன சொல்லியிருக்க முடியும் நீயும். நல்லாத்தான் சொன்ன." புனிதா தேங்காயைப் பையில் போட்டாள். "ஒண்ணுதான் எனக்கு மனசு ஆறல. நீ என்னைக் கேட்டிருந்தா, எழுதுன்னுதான் சொல்லியிருப்பேன். என் பேரோடயே எழுதுன்னு சொல்லியிருப்பேன்."

செம்பனைத் தோப்புக்கு அந்தப் பக்கம் லாரி வரும் சத்தம் கேட்டது. அது கீத்தின் லாரி இல்லை. இருவரும் அது தாண்டிப் போகும்வரை காத்திருந்தார்கள்.

"எனக்கு ஒரு சத்தியம் பண்ணு," என்றாள் புனிதா. "இனிமே என் விஷயமா யாரும் அந்த வீட்டுப் பக்கம் வரக் கூடாது. ஆபீசர், மேடம், யாரும். நாலு வார்த்தை பேசிட்டுப் போயிருவாங்க. அப்புறம் நான்தான் இருக்கணும் அங்க."

பெவர்லி சத்தியம் செய்தாள். அவள் அன்றைக்குச் செய்யக்கூடியதாக இருந்தது அது ஒன்றுதான்.

வெள்ளிக்கிழமை மதியம் அவள் வேலைக்குப் போகவில்லை. இரண்டு படிப்புக்கும் சரி சொல்லும் பக்கங்களை மடிக்கணினியில் அருகருகே திறந்து வைத்து, அவற்றைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். வாரக்கடைசிப் படிப்பு இருபது குடும்பங்களின் பெயரைக் கேட்டது. முழுநேரப் படிப்பு ஒரு கடிதத்தைக் கேட்டது. அம்மா அடுத்த அறையில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். நாலேகாலுக்குத் தொலைபேசி அடித்தது. கோலாலம்பூர் எண்.

"மிஸ் பெவர்லியா? நான் டாக்டர் புஷ்பவள்ளி. முழுநேரப் படிப்பைப் பாத்துக்கறது நான்தான். உங்களோட ரெண்டாவது கடிதம் இன்னும் வரலயே, அதான் கூப்பிட்டேன். ஏதாவது சிக்கலா? ஒரு வாரம் தள்ளித் தர முடியும்."

"இல்ல மேடம். வராது."

"ஓ." காகிதம் புரளும் ஓசை. "எங்க கமிட்டியில உங்க கட்டுரையைப் பத்தி ரொம்ப நேரம் பேசினோம். தெரியலன்னு ஒத்துக்கிட்டு எழுதறவங்க ரொம்பக் குறைவு. அதை விட இன்னொரு விஷயம். படிப்புல சேர்றீங்களோ இல்லையோ, இதை நான் கேட்டே ஆகணும். அந்தப் பெண் இப்ப எங்க இருக்காங்க? சிரம்பான்ல எனக்குத் தெரிஞ்ச நல்ல ஆள் ஒருத்தங்க இருக்காங்க. ரொம்பப் பக்குவமாப் பேசுவாங்க. அனுப்பட்டுமா?"

பெவர்லி சமையற்கட்டுச் சன்னல் பக்கம் திரும்பினாள். அடுத்த வீட்டுக் கொல்லையில் புனிதா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். வெள்ளைச் சட்டை ஒன்றை உதறி, கழுத்துப்பட்டையை நீவிவிட்டு, கொடியில் மாட்டினாள். ஞாயிற்றுக்கிழமைக்கு.

அனுப்புங்கள் என்று ஒரு வார்த்தை. சத்தியத்தை மீறிச் சொல்லலாம். மீறி, வருகிறவர் பக்குவமானவராகவே இருந்து, பக்குவமாகப் பேசிவிட்டுக் காரில் ஏறிப் போன பிறகு? புனிதா மறுபடியும் ஒன்றுமில்லை என்றுதான் சொல்வாள். இந்தத் தடவை யார் சொல்லி வந்தார்கள் என்று கீத்துக்குத் தெரியும். சொல்லாவிட்டாலோ, அந்தக் கொடி, அந்தச் சட்டை, அப்படியே வருடக்கணக்கில். எது சரி? இரண்டு வருடமாக அவள் கேட்டுக்கொண்டிருந்த கேள்விக்கு விடை தெரிந்த குரல் ஒன்று தொலைபேசியின் மறுமுனையில் காத்திருந்தது. அதனிடம் கேட்பதற்கும் உண்மையிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

"அப்படி யாரும் இல்ல மேடம்," என்றாள். "அது கற்பனை."

இதோடு வைத்துவிடுவார், பெயருக்கு நேரே ஒரு கோடு போடுவார் என்று பெவர்லி காத்திருந்தாள்.

"சரி," என்றார் டாக்டர் புஷ்பவள்ளி கடைசியில். குரல் மாறியிருந்தது, தாழ்ந்து, அவசரமில்லாமல். "ஒண்ணு மட்டும் கேக்கறேன். பக்கத்துல யாராவது இருந்தா ஆமா, இல்லன்னு மட்டும் சொன்னாப் போதும். நீங்க பத்திரமா இருக்கீங்களா, பெவர்லி?"

அடிபட்டவள் பெவர்லியேதானோ என்று அவர் நினைக்கிறார் என்பது புரிய அவளுக்குச் சிறிது நேரமாயிற்று. எவ்வளவு எளிய கேள்வி. எத்தனையோ மாலைகளில், இந்தச் சமையற்கட்டில், புனிதா எதிரே உட்கார்ந்து பேசியிருக்கிறாள். என்ன ஆயிற்று, எத்தனை தடவை, எதனால் என்றெல்லாம் பெவர்லி கேட்டிருக்கிறாள். இதைக் கேட்டதே இல்லை.

"ஆமா மேடம்," என்றாள்.

"எப்ப வேணும்னாலும் இந்த நம்பருக்குக் கூப்பிடலாம்."

"ஆமா மேடம்."

தொலைபேசியை வைத்தபோது அம்மா அறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். யார் என்று கேட்கவில்லை. மடித்த துணிகளைக் கட்டில்மேல் வைத்துவிட்டு, மகளுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். ஐந்து மணி தாண்டியதும் திரையில் சரி என்று அழுத்த இருந்த இரண்டு பட்டன்களும் சாம்பல் நிறத்துக்கு மாறின. அதற்குப் பிறகும் வெகுநேரம் இருவரும் அங்கேயே உட்கார்ந்திருந்தார்கள்.